‘இணக்கம்’ என்று எழுதுவதற்கு முன்னால்

1998ஆம் ஆண்டு சித்திரை மாதம் நான் எழுதிய ஒரு கடிதத்தில் ‘இணக்கம்’ என்ற ஒரேயொரு சொல் பிழையாகிப் போனது. அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, எங்கே எழுதுவது, எங்கே எழுதக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தேயிலைத் தோட்டங்களில் கடிதம் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள், சங்கங்களுக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர்கள், மனு எழுதும் ஆசிரியர்கள் வாசித்தால் போதும்.

அப்போது எனக்கு 23 வயது. உயர்தரம் முடித்துவிட்டு, இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டப் பாடசாலையில் தொண்டராசிரியையாக இருந்தேன். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையை 16 கிலோவிலிருந்து 18 ஆக்கப் போவதாகப் பெரிய துரை, அதாவது தோட்ட முகாமையாளர், தொழிற்சங்கத் தலைவரையும் மாதர் தலைவியையும் இன்னும் நாலு பேரையும் ஆபிசுக்குக் கூப்பிட்டுப் பேசினார். தேநீர் கொடுத்தார், உட்கார வைத்துப் பேசினார். கடைசியில் இவர்கள், “மலையில எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றோங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் தலைவர் எங்கள் வீட்டு இஸ்தோப்புக்கு வந்தார். “புள்ள, நேத்துப் பேசுனத ஒரு கடிதாசியா எழுதிக் குடும்மா. மரியாதையா இருக்கணும்” என்றார். நானும் மரியாதையாக எழுதினேன். வானொலிச் செய்தியில் கேட்டுக் கேட்டுக் காதில் பதிந்திருந்த ஒரு சொல்லை எடுத்துப் போட்டேன்: “18 கிலோ தொடர்பாகத் தங்களுடன் நடைபெற்ற பேச்சுவார்த்தையில் நாங்கள் இணக்கம் தெரிவித்தோம் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்.” சண்டை சச்சரவில்லாமல் நல்லபடியாகப் பேசினோம் என்பதுதான் என் மனதில் இருந்த பொருள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பின்னேரம், நிறுவை இடத்தில் என் அம்மாவின் கொழுந்து 17 கிலோ நின்றது. வேலை நாள் பதியும் செக்ரோலில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. அன்றைக்கு மட்டும் அப்படி 11 பேர். தலைவர் ஆபிசுக்கு ஓடினார். மேசையில் என் கடிதம் இருந்தது. “நீங்கதானே இணங்கி எழுதியிருக்கீங்க” என்று துரை விரலை வைத்துக் காட்டியது என் கையெழுத்தின் மேல். அதைத் திருப்பி எடுக்க ஆறு மாதம் பிடித்தது.

அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்த சொல் ‘சுமுகம்’. “பேச்சுவார்த்தை சுமுகமாக நடைபெற்றது, மக்களுடன் கலந்து பேசியபின் எமது முடிவை அறியத்தருவோம்.” இப்படி எழுதியிருந்தால் மரியாதையும் இருந்திருக்கும், அம்மாவின் பேரும் முழுதாக விழுந்திருக்கும்.

சொல்லின் குடும்பம்

இணங்கு என்பது வினை. அதிலிருந்து பிறந்த பெயர் இணக்கம். அடங்கு – அடக்கு – அடக்கம், முடங்கு – முடக்கு – முடக்கம், மயங்கு – மயக்கு – மயக்கம் என்று தமிழில் ஒரு வரிசை உண்டு. இணங்கு – இணக்கு – இணக்கம் அந்த வரிசையில் உட்கார்ந்த சொல். நடுவில் இருக்கும் ‘இணக்கு’ முக்கியம். அடங்குபவர் தானாக அடங்குகிறார். அடக்குபவர் இன்னொருவரை அடக்குகிறார். அதேபோல் இணங்குபவர் தன் மனதால் இணங்குகிறார். இணக்குபவர் இன்னொருவரை இணங்க வைக்கிறார். ஆனால் அடக்கம் என்று சொன்னால் அடங்கியதா அடக்கியதா என்று தெரியாமல் போவதுபோல, இணக்கம் என்ற பெயர்ச்சொல்லிலும் இணங்கியதா இணக்கியதா என்பது மறைந்துவிடும். ஆகவே முக்கியமான கடிதத்தில் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையை எழுதுங்கள். “இணக்கம் ஏற்பட்டது” என்று எழுதினால் யார் என்று கேட்க முடியாது. “கீழ் லயத்தார் இணங்கினார்கள்” என்று எழுதினால் கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளில், அதாவது கீழ் லயத்தில், இருப்பவர்களிடம் போய்க் கேட்கலாம்.

இதற்கு நேர் எதிர்ச்சொல் பிணக்கு. பிணங்கு என்றால் பின்னிச் சிக்கிக்கொள்வது, மாறுபட்டு நிற்பது. இந்தச் சொல்லை இலங்கைத் தமிழ் இன்றைக்கும் கைவிடவில்லை. தொழிற் பிணக்கு, காணிப் பிணக்கு என்று அலுவலகக் கடிதங்களில் தாராளமாக வரும். தொழிலாளருக்கும் முதலாளிக்கும் நடுவே வருகிற வழக்குகளை நடத்துகிற 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தைத் தமிழில் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் என்றே சொல்கிறோம். இணக்கமும் பிணக்கும் ஓரெழுத்து வித்தியாசத்தில் எதுகையாக நிற்பதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னால் இரண்டும் ஒருசேர மனதில் பதிகின்றன. 29 வருடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஔவையாரின் ஆத்திசூடியில் ‘இணக்கம் அறிந்து இணங்கு’ என்று ஒரு வரி. உயிர்மெய் எழுத்துகளை வரிசையாக வைத்துப் பாடி வரும்போது ண-வுக்கு வருகிற வரி இது. தமிழில் எந்தச் சொல்லும் ண-வில் தொடங்காது. ஆகவே முன்னால் ஓர் இகரத்தை வைத்து, இரண்டாம் எழுத்தாக ண வரும் சொல்லைப் பிடித்திருக்கிறார். ட-வுக்கும் அப்படித்தான், ‘இடம்பட வீடெடேல்’. ஒருவரோடு சேருமுன் அவர் குணம் நமக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சேர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் பொருள். எனக்கு அந்த வரியில் பிடித்தது சொற்களின் வரிசை. முதலில் இணக்கம் இருக்கிறதா என்று அறிதல். இணங்குவது அதற்குப் பிறகு. 1998இல் நான் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டேன்.

வேற்றுமை உருபைக் கவனியுங்கள்

மாணவர்களும் செய்தி எழுதுபவர்களும் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில். ஆளோடு வரும்போது ‘ஓடு’ அல்லது ‘உடன்’. “அவள் மாமியாரோடு இணங்கிப் போகிறாள்.” விஷயத்தோடு வரும்போது ‘கு’. “அந்த நிபந்தனைக்கு இணங்கினார்கள்.” இரண்டையும் சேர்த்து எழுதினால்: “நேரத்தை மாற்றுவதற்கு மேல் லயத்தார் கீழ் லயத்தாருடன் இணங்கினார்கள்.”

ஆளுக்கே ‘கு’ போட்டுவிட்டால் பொருள் சாய்ந்துவிடும். “அவருக்கு இணங்கினாள்” என்றால் அது பணிந்து போவது. பத்திரிகைகளில் ‘ஆசைக்கு இணங்க மறுத்த பெண்’ என்று வருகிற செய்திகளை எல்லோரும் வாசித்திருப்போம். பலவந்தத்தை எழுதுகிற இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டுப் போட்டு, பெண்களைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு கெட்ட வாடை ஏறிவிட்டது. ஆகவே ஒரு பெண்ணின் வாக்குமூலம் எழுதும்போது ‘இணங்கினாள்’, ‘இணங்கவில்லை’ இரண்டையும் நான் எழுதுவதில்லை. ‘சம்மதித்தாள்’, ‘மறுத்தாள்’, ‘வேண்டாம் என்றாள்’ என்று அவள் வாயில் வந்ததையே எழுதுகிறேன்.

‘இணங்க’ என்று தனியே வருவது வேறு கதை. “தங்கள் கடிதத்திற்கு இணங்க”, “சுற்றுநிருபத்திற்கு இணங்க”, “இதற்கிணங்க” என்பவற்றில் மனமும் இல்லை, சம்மதமும் இல்லை. ‘படி’, ‘அமைவாக’ என்ற பொருள்தான். வானொலியில் “இதற்கிணங்க நாளை பாடசாலைகளுக்கு விடுமுறை” என்று வந்தால் யாரும் யாரோடும் இணங்கவில்லை. இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கடிதத்தில் இந்த ‘இணங்க’வையும் அந்த ‘இணங்கினோம்’ஐயும் கலக்காதீர்கள். முன்னதற்கு ‘அமைய’ என்று போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

இணக்கத்துக்குச் சுற்றிலும் சொந்தக்காரர்கள் அதிகம். ஒருவர் இருக்கும் இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்தால் பொருள் மாறும்.

சம்மதம் ஒரு பக்கத்து மனம். கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர். பரிசம் போட வந்தவர்கள் வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டுப் பெண்ணின் சம்மதத்தைத்தான் கேட்கிறார்கள். ‘மௌனம் சம்மதம்’ என்று ஒரு வழக்கு உண்டு. அதைக் கூட்டக் குறிப்பில் நுழைய விடாதீர்கள். எங்கள் லயத்தில் மௌனம் என்றால் பயம், அல்லது சோறு ஆக்க நேரமாகிவிட்டது.

உடன்பாடு கொஞ்சம் படித்த சொல், ஆனால் நேர்மையான சொல். “எனக்கு இதில் உடன்பாடில்லை” என்று தனியாள் எழுந்து நின்று சொல்ல முடியும். “எனக்கு இதில் இணக்கமில்லை” என்று யாரும் சொல்வதில்லை. உடன்பாடு ஒருவரின் கருத்தில் நிற்கிறது. இணக்கத்துக்கு இரண்டு பேராவது வேண்டும்.

இசைவு எனக்கு மிகப் பிடித்தது. இசை என்றால் பாட்டும்தான், பொருந்துவதும்தான். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பவர்கள் முதலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். என் தாய்மாமன் ஒரு தப்பைத் தீயில் காட்டுவார், விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார், பக்கத்தில் இருப்பவரைத் தட்டச் சொல்லுவார், தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தீயில் காட்டுவார். குளிர்காலத்து மலைப்பனியில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். இரவில் மூன்று நாலு முறையாவது இது நடக்கும். “ரெண்டும் ஒரே சத்தமா இருக்கணுமா மாமா?” என்று சின்ன வயதில் கேட்டேன். “ஒரே சத்தம்னா எதுக்குடா ரெண்டு தப்பு? ஒண்ணோட ஒண்ணு சேந்து விழணும்” என்றார். என்னையும் வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். இசைவு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்கு எந்த அகராதியிலும் கிடைக்கவில்லை.

ஒத்து என்பது இதற்கு நேர்மாறான கருவி. நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்று தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுருதியைப் பிடிப்பது. கச்சேரிக்கு அது வேண்டும். ஆனால் மனிதரைப் பற்றி “ஒத்து ஊதுறான்” என்றால் கேள்வி கேட்காமல் ஆமாம் போடுகிறான் என்று பொருள். ஊரோடு ஒத்து வாழ்வது நல்லது, ஒத்து ஊதுவது வேறு.

சமரசம் என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் எதையும் விடவில்லை என்றால் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். ஒற்றுமை ஒரு நிலை, இணக்கம் ஒரு செயல். அவ்வளவு போதும்.

ஒப்பந்தம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். ஒப்பந்தம் காகிதத்தில் இருப்பது. கையெழுத்து, திகதி, நிபந்தனை எல்லாம் இருக்கும். அதற்குள் இணக்கம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பற்றியது அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி, 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்தார்கள். கையெழுத்து இரண்டு பிரதமர்களுடையது. போகப் போகிறவர்கள் அந்த மேசையில் இருக்கவில்லை. என் அம்மாயியின் தங்கை குடும்பம் அந்தக் கணக்கில் போனது. நானுஓயா ஸ்டேஷனில் ரயிலின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாயி கூடவே நடந்த தூரத்தை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதை நாம் ஒப்பந்தம் என்று சொல்வது சரி. இணக்கம் என்று யாராவது எழுதினால் அந்த இடத்தில் சிவப்பு மையால் கோடு போடுவேன்.

கூட்டு ஒப்பந்தத்துக்கும் இதே கவனம் வேண்டும். முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்திடும் தொழிற்சங்கங்களும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தோட்டச் சம்பளத்துக்காகச் செய்துகொண்டு வந்தது அது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது அந்த வழியாக அல்ல, சம்பள நிர்ணய சபை வழியாக. அங்கே நடந்தது நிர்ணயம். கம்பனிகள் அதற்கு இணங்கவில்லை, எதிர்த்தன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன. ஆகவே “1,000 ரூபாய்க்கு இணக்கம் காணப்பட்டது” என்று ஒரு மாணவர் பரீட்சையில் எழுதினால் அது மொழிப்பிழை மட்டுமில்லை, வரலாற்றுப் பிழையும்தான். நிர்ணயிக்கப்பட்டது, தீர்மானிக்கப்பட்டது, இணங்கினார்கள் என்ற மூன்றும் மூன்று வேறு சம்பவங்கள். கொந்தரப்பு வேலைக்குக் கணக்கு எழுதும்போதும் இப்படித்தான். கொந்தரப்பு என்றால் இவ்வளவு வேலைக்கு இவ்வளவு காசு என்ற பேச்சு. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட தொகையைப் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்தச் சொல்லால் பயனில்லை.

செய்தித்தாளில் வரும் இணக்கப்பாடு

இணக்கப்பாடு என்பது நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகள் விரும்பி எழுதுகிற சொல். பேச்சில் ஒரு நிலைக்கு வந்துவிட்டார்கள், இன்னும் முடிவாகவில்லை என்ற நடுக்கட்டத்துக்கு அது பொருத்தமானதுதான். சர்வதேச நாணய நிதியத்தோடு 2022 செப்டெம்பர் 1ஆம் திகதி ‘ஊழியர் மட்ட இணக்கப்பாடு’ அறிவிக்கப்பட்டது. அன்றே காசு வந்துவிட்டதாக எங்கள் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். நிதியத்தின் நிறைவேற்றுச் சபை அனுமதி கொடுத்தது 2023 மார்ச் 20ஆம் திகதி. இடையில் ஆறு மாதத்துக்கு மேல். இணக்கப்பாடு என்ற சொல்லைக் கண்டால் பக்கத்தில் இரண்டு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: இனி யார் அனுமதிக்க வேண்டும்? எப்போது?

‘கொள்கையளவில் இணக்கம்’ என்பதையும் அப்படியே வாசியுங்கள். பெரும்பாலும் அதற்குப் பொருள் ‘இன்னும் இல்லை’. ‘இணக்கம் காணப்பட்டது’ என்றால் கண்டது யார் என்று தேடுங்கள். ‘இணக்க அரசியல்’ என்றால் அரசாங்கத்தோடு சேர்ந்து நின்று காரியம் சாதிப்பது. சிலருக்கு அது பாராட்டு, சிலருக்கு வசவு. எழுதுகிறவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

நல்லிணக்கம் என்ற சொல் 2010க்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துப் பதாகைகளில் அதிகம் வந்தது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அந்த வருடம்தான் அமைக்கப்பட்டது. சிங்களத்தில் ‘சங்ஹிந்தியாவ’ என்கிறார்கள். இது சாதாரண இணக்கத்தைவிடக் கனமான சொல். முறிந்துபோனது ஒன்று இருந்து, அதை மறைக்காமல் பேசி, மறுபடி சேர்வதற்குத்தான் இது. இரண்டு வீட்டுக்குக் கோழிச் சண்டை தீர்ந்ததற்கு நல்லிணக்கம் என்று எழுத வேண்டாம். அங்கே ‘சமாதானமானார்கள்’ போதும்.

எழுத்துக்கூட்டலும் சொல்லிவிடுகிறேன். பதாகைகளில் ‘நல்லினக்கம்’ என்று றன்னகரத்தில் எழுதியதை அட்டனிலும் தலவாக்கலையிலும் பலமுறை பார்த்திருக்கிறேன். நல் + இணக்கம். தனிக் குறிலுக்குப் பின்னால் வரும் மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும், ஆகவே நல்லிணக்கம். ‘இன நல்லிணக்கம்’ என்று எழுதும்போது முதல் சொல்லில் ‘ன’, அடுத்ததில் ‘ண’. இனம் என்பதில் இரண்டு சுழி, இணக்கம் என்பதில் மூன்று சுழி. சேர்ந்து வாழ ஒரு சுழி கூட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், மறக்க மாட்டார்கள்.

லயத்தில் எப்படிச் சொல்கிறோம்

எங்கள் வாயில் இணக்கம் என்ற சொல் அவ்வளவாக வராது. “ஒத்துக்கிட்டாங்க”, “சரிப்பட்டு வராது”, “பேசி முடிச்சிட்டாங்க”, “சமாதானமாப் போயிருங்க”, “ஒத்துமையா இருங்க” என்றுதான் பேசுவோம். இவற்றை எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் இணக்கத்தில் கொண்டுபோய்ப் போடுவதில்தான் ஆபத்து. ஒத்துக்கிட்டாங்க என்றால் இணங்கினார்கள். அதே சொல் “களவு செஞ்சத ஒத்துக்கிட்டான்” என்று வந்தால் ஒப்புக்கொண்டான். அங்கே இணக்கம் இல்லை. “சரிங்க” என்பது சில நேரம் கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும்தான். துரைக்கு முன்னால் நின்று சொல்லும் “சரிங்க”வில் பாதிக்கு மேல் அந்த வகை. அதை இணக்கம் என்று மொழிபெயர்ப்பவர் ஒருவரின் கூலியை மொழிபெயர்க்கிறார்.

பொலிசிலோ அலுவலகத்திலோ சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டி, ‘எகங்கயி’ என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துக் கேட்டால், அதற்கு நேரான தமிழ் ‘இணங்குகிறேன்’. வாசித்தேன், கேட்டேன் என்பதல்ல. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் வந்த 13ஆவது திருத்தம் சொல்கிறது. தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஊர்ச் சண்டை மத்தியஸ்த சபைக்குப் போனாலும் இந்தக் கவனம் உதவும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. பெரியவர்கள் இன்னும் பழக்கத்தில் இணக்க சபை என்பார்கள். மூன்று மத்தியஸ்தர்கள் அமர்வார்கள். சட்டத்தரணி வாதாடுவதில்லை. யார் குற்றவாளி என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதுமில்லை. இரண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் கொடுப்பார்கள், நீதிமன்றத்துக்குப் போகலாம். இணங்க மறுப்பதற்கும் அங்கே ஒரு காகிதம் உண்டு என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பீலித் தண்ணீரும் சீ.ஆர் கொப்பியும்

இனி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு குறிப்பை எப்படி எழுதுவது என்று காட்டுகிறேன். நான் எங்கள் மரணாதார சங்கத்தின் செயலாளர். சாவு வீட்டுக்குத்தான் சங்கம் என்றாலும், சீ.ஆர் கொப்பி என்கிற குறிப்புப் புத்தகமும் பேனையும் அதனிடம் இருப்பதால் எல்லாத் தகராறும் அங்கேதான் வரும்.

2019இல் தை மாதம் மழை பொய்த்தது. மலைமேல் ஊற்றிலிருந்து வரும் ஒரே குழாய் மேல் லயத்தில் தண்ணீர் பிடிக்கும் இடமான பீலியில் விழுந்து, வழிந்தது கீழ் லயத்துக்குப் போகும். மேலே அடைத்துவிட்டால் கீழே சொட்டுக்கூட இல்லை. ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்குக் குடத்தோடு போன கீழ் லயத்துப் பெண் ஒருவர், குழாயில் திணித்திருந்த துணியைப் பிடுங்கிக் கொண்டுவந்து கோயில் வாசலில் போட்டார். அன்று பின்னேரமே கூட்டம்.

மூன்று மணி நேரம் பேசினார்கள். நான் எழுதவேயில்லை. பேசும்போது எழுதினால் பேச்சு எழுத்துக்குப் பயந்து வளையும். எல்லாம் ஓய்ந்தபின் ஒவ்வொருவராகக் கேட்டேன். “மாமா, காலையில 4லருந்து 6 வரைக்கும் கீழ விட்டுர்றதுக்கு நீங்க ஒத்துக்கிறீங்களா, இல்ல யோசிக்கணுமா, இல்ல வேணாமா?” மூன்று வழியையும் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். ‘ஒத்துக்கிறீங்கதானே’ என்று கேட்டால் அது இணக்குவது.

மேல் லயத்து மூக்காயிப் பாட்டியின் முறை வந்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “4 மணிக்கு எம் மருமக எந்திரிக்க முடியாது டீச்சர், புள்ளைத்தாச்சி. 5லருந்து 7னா சரி” என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டதாக நினைத்திருந்த நேரம் அந்த இடத்தில் மாறியது. கீழ் லயத்தார் மறுபடி கூடிப் பேசி, நாலரையிலிருந்து ஆறரை என்றார்கள். கடைசிவரை மறுத்தவர் ஒருவர். மேல் லயத்தில் மாடு வளர்க்கும் பெரியவர். மாட்டுக்குத் தண்ணீர் காணாது என்றார். அவரும் சொன்னது நியாயம்தான்.

கொப்பியில் இப்படி எழுதினேன்:

“2019.02.10. கோயில் வாசல். மேல் லயம் 14 குடும்பம், கீழ் லயம் 16 குடும்பம் சமுகமளித்தன. காலை 4.30 முதல் 6.30 வரை குழாயைக் கீழ் லயத்துக்குத் திறந்துவிடுவதற்கு மேல் லயத்தில் 13 குடும்பம் இணங்கியது. மாலை நேரத்தை முழுமையாக மேல் லயத்துக்கு விடுவதற்குக் கீழ் லயத்தில் 16 குடும்பமும் இணங்கியது. மேல் லயத்தில் ஒரு குடும்பம் இணங்கவில்லை; காரணம், மாட்டுக்குத் தண்ணீர் போதாது. மழை பெய்தபின் மீண்டும் பேசுவது. வாசித்துக் காட்டப்பட்டது.”

இதில் கவனியுங்கள். யார், எதற்கு, எத்தனை பேர், எதுவரைக்கும் என்று நாலும் இருக்கிறது. ‘ஏகமனதாக’ என்ற சொல் இல்லை. ஒருவர் மாறுபட்டிருக்கும்போது அந்தச் சொல்லை எழுதினால் அவரை அந்த வாசலிலிருந்து வெளியே தள்ளியதாகும். அவர் காரணத்தையும் சேர்த்து எழுதினேன். பின்னொரு நாள் பேசும்போது அங்கிருந்துதான் தொடங்க முடியும். கடைசியில் ‘வாசித்துக் காட்டப்பட்டது’ என்பதை வெறும் சடங்காக எழுதவில்லை. உண்மையிலேயே சத்தமாக வாசித்தேன். வாசிக்கும்போது, “பதினாலு இல்ல டீச்சர், அந்தோணி வீட்டுல இன்னிக்கி யாரும் வரல” என்று ஒருவர் சொல்ல, அந்த வீட்டுப் பிள்ளை பின்னாலிருந்து கையைத் தூக்கியது. எண்ணிக்கை சரிதான்.

மாட்டுக்காரப் பெரியவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். யாரும் தடுக்கவில்லை. பங்குனிக் கடைசியில் மழை விழுந்து ஊற்று பெருகிய பிறகு ஒரு நாள் சாயந்தரம் என் வாசலில் வந்து நின்றார்.

“டீச்சர், அந்தக் கொப்பியில நான் ஒத்துக்கலன்னு இருக்குல்ல?”

“இருக்குங்க.”

“இப்ப ஒத்துக்கிறேன். கீழ் லயத்துப் பயலுக மாட்டுக்கொட்டாய்க்கு டியூப் இழுத்துக் குடுத்துட்டானுக. அத அடிச்சிட்டு எழுதும்மா.”

நான் பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, அன்றைய திகதியைப் போட்டு, “மேல் லயத்தில் மீதி ஒரு குடும்பமும் இன்று இணங்கியது, காரணம், கீழ் லயத்தார் மாட்டுக் கொட்டகைக்கு டியூப் இழுத்துக் கொடுத்தார்கள்” என்று எழுதினேன். அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘டியூப்’ என்ற இடத்தில் தலையாட்டிவிட்டு, பேனையை வாங்கிப் பேரை மெதுவாக எழுதினார்.